பாலாற்றின் வழக்கும் மூன்று நெறிகளும்

பாலாற்றில் பால் ஓடுமா என்று சிறு வயதில் நாம் எல்லோரும் ஒரு முறையாவது கேட்டிருப்போம். பால் என்ன, பல ஆண்டுகளில் தண்ணீர்கூட ஓடுவதில்லை. ஆயினும் கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து வரும் இந்த ஆறு, மணலுக்கு அடியில் மறைந்து சென்று கரையோர ஊர்களுக்கெல்லாம் குடிநீர் கொடுத்து வந்தது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தை நிரப்பிய நாட்களைப் பற்றி எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த நீர் கெட்ட கதையையும், அதற்காக நடந்த வழக்கையும், அவ்வழக்கினால் நாடு முழுமைக்கும் கிடைத்த சட்ட நெறிகளையும் இங்கே எழுத விரும்புகிறோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோலுக்குப் பெயர் பெற்றவை. முற்காலத்தில் ஆவாரம்பட்டை ஊறிய நீரில் தோலைப் பதனிட்டார்கள். பின்னர் குரோமிய உப்பைக் கொண்டு விரைவில் பதனிடும் முறை பரவியது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன்மேல் அள்ளித் தேய்க்கும் உப்பு, மயிரை நீக்கும் சுண்ணாம்பு, பிறகு அமிலம், சாயம் என்று சுமார் 170 வகை இரசாயனப் பொருள்கள் இம்முறையில் பயன்படுகின்றன என்றும், ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும் வழக்கின் தீர்ப்பில் காண்கிறோம். அவ்வளவு நீரும் கழிவாகவே டேனரியை விட்டு வெளியேறும். ஆண்டு முழுவதும் வெள்ளம் புரளும் ஆறாக இருந்திருந்தால் கடலுக்காவது கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். வறண்ட மணலிலோ அது கீழே இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. கீழே இருந்ததுதான் எல்லோருடைய குடிநீரும்.

தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. திண்டுக்கல் பக்கத்திலும் இதே நிலைதான். அங்கே 13 கிராமங்களில் இருந்த 467 கிணறுகளில் 350 கிணறுகள் மாசடைந்திருந்தன. பெண்களும் சிறுவர்களும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடக்க வேண்டியதாயிற்று. குடம் சுமப்பது யார் வேலை என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்!

சட்டம் இல்லாமலா இவ்வளவும் நடந்தது? நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 1976-இல் அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தம், சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்றும், நம் ஒவ்வொருவரின் கடமை என்றும் எழுதி வைத்தது. 1984 டிசம்பரில் போபால் நகரில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, 1986-இல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு)ச் சட்டம் பிறந்தது. சட்டங்கள் ஏட்டில் இருந்தன; கழிவு நீர் ஆற்றில் இருந்தது.

இந்நிலையில் 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. அத்தீர்ப்பு நிலைநாட்டிய நெறிகளுள் முதலாவது முன்னெச்சரிக்கை நெறி. நம் வீட்டு அடுப்படியில் கேஸ் நாற்றம் அடித்தால் அம்மா என்ன செய்கிறார்? கசிவு எங்கே என்று உறுதியாகத் தெரியட்டும் என்று காத்திருப்பதில்லை. முதலில் சிலிண்டரை மூடுகிறார், பிறகுதான் தேடுகிறார். பெருங்கேடு வரக்கூடும் என்னும் இடத்தில், அறிவியல் முழுமையாக நிரூபிக்கவில்லை என்பதைச் சாக்காகக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப் போடக் கூடாது.

இதன் உள்ளே இன்னொன்று அடங்கியிருக்கிறது. எங்களுக்கு மிகவும் பிடித்தது அதுதான். நூற்றுக்கணக்கான டேனரிகள் ஒரே ஆற்றில் கழிவை விடும்போது, என் கிணற்றைக் கெடுத்தது இந்தத் தொழிற்சாலைதான் என்று ஓர் உழவர் எவ்வாறு நிரூபிப்பார்? அவரிடம் ஆய்வுக்கூடம் உண்டா, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் உண்டா? ஆகவே நீதிமன்றம் அந்தச் சுமையை இடம் மாற்றியது. தன் செயல் சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைவிக்காது என்று தொழில் நடத்துகிறவரே மெய்ப்பிக்க வேண்டும் என்றது.

இரண்டாவது, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறி. "அப்படியானால் பணத்தைக் கட்டிவிட்டுக் கெடுக்கலாமா?" என்று குடிமையியல் வகுப்பில் ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி என்று சிஸ்டர் பாராட்டினார்கள். அவர்கள் விளக்கியது இதுதான்: இது அனுமதிச் சீட்டு அன்று. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுப்பதோடு கடமை முடிவதில்லை. கெட்டுப்போன மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் கெடுத்தவரையே சாரும். அதற்கு மேலும் கெடுத்தால் ஆலையை மூடவும் சட்டம் உண்டு.

மூன்றாவது நெறி நிலைத்த வளர்ச்சி. இதைப் பேசியபோதுதான் வகுப்பில் சத்தம் எழுந்தது. எங்களுள் கழனி வைத்திருப்போரின் பிள்ளைகளும் உண்டு. தோல் தொழிலில் கூலி வாங்கிக் குடும்பம் நடத்துவோரின் பிள்ளைகளும் உண்டு. "ஆலையை மூடினால் எங்கள் வீட்டில் உலை வைப்பது எப்படி?" என்றாள் ஒருத்தி. யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நீதிபதிகளும் இக்கேள்வியைத் தள்ளிவிடவில்லை. அன்னியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தரும் முக்கியத் தொழில் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்காக நீரையும் நிலத்தையும் அழிக்கும் உரிமை அதற்கில்லை என்றும் சொன்னார்கள். இறைவன் ஆதாமை ஏதேன் தோட்டத்தில் விட்டபோது, அதைப் பண்படுத்தும் வேலையையும் பாதுகாக்கும் வேலையையும் சேர்த்தே ஒப்படைத்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கே சொல்லப்படவில்லை.

தீர்ப்பின்படி ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கழிவு நீரைச் சுத்திகரிக்காதவை மூடப்பட வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையமும், இத்தகைய வழக்குகளை விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வும் அமைக்குமாறு ஆணை பிறந்தது. 2010-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தபோது, இம்மூன்று நெறிகளின்படியே தீர்ப்பாயம் முடிவு செய்ய வேண்டும் என்று அதன் 20-ஆவது பிரிவில் எழுதினார்கள். வேலூர்க்காரர்களின் வழக்கில் பேசப்பட்டது இந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஏறியதை எண்ணினால் எங்களுக்குச் சற்றுப் பெருமைதான்.

ஆனால் வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரி 30 அன்று, உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றைப் பற்றி மீண்டும் ஒரு தீர்ப்புக் கூற வேண்டியிருந்தது. இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று அதில் ஆணையிட்டது.

அத்தீர்ப்பைப் பற்றி வகுப்பில் பேசிய அன்று, எங்கள் தோழி ஒருத்தி தன் ஊர்க் கிணற்றைப் பற்றிச் சொன்னாள். அந்த நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, மாட்டுக்கும் வைப்பதில்லை. லாரித் தண்ணீருக்குத்தான் எல்லோரும் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். ஆனாலும் அவள் பாட்டி அதை இன்றும் நல்ல தண்ணீர்க் கிணறு என்றுதான் சொல்லுகிறாராம்.