உப்பும் பொன்னும் வளர்த்த பேரரசுகள்

சகாராவுக்குத் தெற்கே, மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளியில் கானா, மாலி, சொங்காய் என்ற மூன்று பேரரசுகள் அடுத்தடுத்துத் தலையெடுத்தன. மூன்றுக்கும் பிழைப்பு ஒன்றுதான்: பொன்னுக்கும் உப்புக்கும் நடுவே நின்று வரி வாங்குவது.

பொன் தெற்கே பம்புக், பூரே பகுதிகளில் கிடைத்தது. அங்கே உப்புக்குத் தட்டுப்பாடு. வடக்கே, பாலைவன நடுவில் தகாசாவில் அடிமைகள் உப்பைப் பாளம் பாளமாக வெட்டி எடுத்தார்கள். 1352இல் அவ்வழியே சென்ற மொராக்கோ பயணி இப்னு பதூதா, அவ்வூர் வீடுகளுக்குச் சுவர் உப்புக் கட்டி, கூரை ஒட்டகத் தோல் என்று எழுதினார். பாலைவன விளிம்பிலுள்ள வலாத்தாவில் ஓர் ஒட்டகச் சுமை உப்பு 8 முதல் 10 மித்கால் (அன்றைய எடை அளவு) பொன்னுக்கு விற்றது. மாலியின் தலைநகருக்குப் போனால் அதே சுமைக்கு 20, 30, சில சமயம் 40 மித்கால்கூடக் கிடைத்தது.

இந்த வணிகத்தில் முதலில் செழித்த கானா, சொனின்கே மக்களின் அரசு. இன்றைய கானா நாட்டுக்கும் அதற்கும் பெயர் மட்டுமே பொது; அது இருந்தது இன்றைய மொரிட்டானியா, மாலி எல்லைப் பகுதியில். கழுதைச் சுமை உப்பு உள்ளே வர 1 தினார், வெளியே போக 2 தினார் என்று மன்னர் வரி வாங்கியதை 11ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்-பக்ரி குறித்துள்ளார். பொன்தூள் மக்களுக்கு, கட்டிப் பொன் மன்னருக்கு. எல்லாமே சந்தைக்கு வந்தால் பொன் மலிந்துவிடும் அல்லவா?

வடக்கே இருந்த அல்மொராவித்துகள் என்ற பெர்பர் மரபினர் படையெடுத்து கானாவை வீழ்த்தினார்கள் என்பது பழைய பாடநூல் செய்தி. அதை இன்று பல ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. எப்படியோ, 13ஆம் நூற்றாண்டில் சுந்தியாத்தா நிறுவிய மாலி அந்த இடத்தைப் பிடித்தது. அதன் மன்னர் மான்சா மூசா 1324இல் மக்கா போகும் வழியில் கெய்ரோவில் வாரி இறைத்ததில் அங்கே பொன் விலையே சரிந்தது. பின்னால் வந்த வாரிசுச் சண்டைகளில் மாலி தளர, 1468இல் சொங்காய் மன்னர் சொன்னி அலி வணிக நகரமான திம்புக்துவைக் கைப்பற்றினார்.

1482இல் போர்த்துகீசியர் தெற்கே கடற்கரையிலுள்ள எல்மினாவில் கோட்டை கட்டியபின், பொன்னில் ஒரு பங்கு கடற்கரைப் பக்கம் திரும்பியது. 1591இல் மொராக்கோ படை பாலைவனம் தாண்டி வந்து, தொந்திபி என்ற இடத்தில் துப்பாக்கிகளால் சொங்காயை முறியடித்தது. எதிரிமேல் ஏவிய மாட்டு மந்தை வெடிச்சத்தத்தில் மிரண்டு சொங்காய் படை மேலேயே திரும்பி ஓடியதாம். வென்றவர்களுக்கும் பொன் சுரங்கங்கள் அகப்படவில்லை. அவை சொங்காயின் கையில் இருந்ததே இல்லை.