டூயல் கிரெடிட்: பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடம் – சந்தேகங்களும் விளக்கங்களும்

டெக்சஸ் பள்ளிகளில் ஜனவரி, பிப்ரவரி என்றாலே அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் காலம். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, "அப்பா, கையெழுத்து" என்று நீட்டும். சில பாடங்களுக்கு எதிரே 'டூயல் கிரெடிட்' என்று இருக்கும். நாமெல்லாம் பிளஸ் டூ முடித்து, மார்க் ஷீட் கைக்கு வந்த பிறகுதான் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அதனால் குழப்பம் வருவது இயல்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வாசலில் பெற்றோர் என்னிடம் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். சொல்வதெல்லாம் டெக்சஸுக்கு. மற்ற மாநிலங்களில் விதிகள் மாறும்.

டூயல் கிரெடிட் என்றால் என்ன?

ஒரே பாடத்தைப் படித்து இரண்டு இடத்தில் கணக்கு எழுதிக்கொள்வது. உதாரணமாக, பதினோராம் வகுப்பில் அமெரிக்க வரலாறு கட்டாயம். கல்லூரி முதலாண்டிலும் அதே பாடம் உண்டு. 1877 வரை ஒரு செமஸ்டர், அதற்குப் பிந்தையது இன்னொரு செமஸ்டர். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடத்தை எடுத்தால் இரண்டு கடமையும் ஒன்றாக முடிந்துவிடும். பெரும்பாலும் உள்ளூர் கம்யூனிட்டி கல்லூரிதான் இதை நடத்தும். பிரிஸ்கோ, பிளேனோ பக்கம் காலின் கல்லூரி; ஆஸ்டினில் ஆஸ்டின் கம்யூனிட்டி கல்லூரி; ஹூஸ்டனுக்கு வடக்கே லோன் ஸ்டார். வகுப்பு கல்லூரியில் நடக்கலாம், ஆன்லைனில் நடக்கலாம், பிள்ளையின் பள்ளியிலேயே நடக்கலாம். பள்ளி ஆசிரியரே எடுத்தாலும், கல்லூரியில் பாடம் நடத்தத் தேவையான தகுதி அவருக்கு இருக்க வேண்டும். பொதுவாக அது முதுகலைப் பட்டமும், அந்தப் பாடத்தில் 18 முதுநிலை கிரெடிட்டும்.

இது நேற்று முளைத்த திட்டம் அல்ல. மினசோட்டா 1985-லேயே மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. 2022–23இல் அமெரிக்கா முழுவதும் ஏறக்குறைய 25 லட்சம் பள்ளி மாணவர்கள் இப்படி ஒரு கல்லூரிப் பாடமாவது படித்திருக்கிறார்கள்.

பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் 1301, 2413 என்று எண் இருக்கிறதே, அது என்ன?

டெக்சஸ் அரசுக் கல்லூரிகளுக்கான பொதுப் பாட எண் அது. முதல் இலக்கம் எந்த ஆண்டுப் பாடம் என்பதைச் சொல்லும்: 1 என்றால் முதலாண்டு, 2 என்றால் இரண்டாமாண்டு. இரண்டாவது இலக்கம் எத்தனை கிரெடிட் என்பது. இங்கிலீஷ் 1301 மூன்று கிரெடிட். கால்குலஸ் 2413 நான்கு. இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் தேவை என்பதையும் சேர்த்து வைத்துக்கொண்டால், பிள்ளை எவ்வளவு தூரம் கடந்திருக்கிறது என்பது விரல்விட்டு எண்ணுகிற கணக்காகிவிடும்.

ஏ.பி. நல்லதா, டூயல் கிரெடிட் நல்லதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது பள்ளியிலேயே நடக்கும் கல்லூரி நிலைப் பாடம். அதில் ஆண்டு முழுக்க நன்றாகப் படித்தாலும், மே மாதம் நடக்கும் ஒரே தேர்வுதான் கல்லூரி கிரெடிட்டைத் தீர்மானிக்கும். ஐந்துக்கு எத்தனை வாங்கினார் என்பதே பேச்சு. சரியாக வராவிட்டால் அந்த மதிப்பெண்ணை அனுப்பாமல் விட்டுவிடலாம். டூயல் கிரெடிட்டில் அந்த ஒருநாள் பதற்றம் கிடையாது. கட்டுரை, வினாத்தாள், இறுதித் தேர்வு என்று செமஸ்டர் முழுக்கச் சேர்த்த மதிப்பெண்ணே முடிவு. ஆனால் வந்த கிரேடை மறைக்க வழியில்லை.

வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகங்களை மனத்தில் வைத்திருக்கும் பிள்ளைக்கு ஏ.பி. பொருந்தும், ஏனென்றால் அது நாடு முழுக்க ஒரே அளவுகோல். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகம்தான் குறி என்றால் டூயல் கிரெடிட் தாராளமாகப் பயன்படும். இரண்டுக்கும் நடுவில் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் நடத்தும் 'ஆன்ராம்ப்ஸ்' என்ற திட்டமும் உண்டு. அதில் பள்ளி கிரேடு தனி, கல்லூரி கிரேடு தனி. கல்லூரி கிரேடைப் பார்த்த பிறகு அந்தக் கிரெடிட் வேண்டுமா வேண்டாமா என்று மாணவரே முடிவு செய்யலாம். முதன்முதலாக இறங்கும் பிள்ளைக்கு இது நல்ல வாய்ப்பு என்பது என் கருத்து.

வகுப்பு ரேங்க் முக்கியம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டூயல் கிரெடிட்டுக்கு ஜிபிஏ-யில் எவ்வளவு கூடுதல் மதிப்பு என்பது பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். ஏ.பி.க்குச் சமமாக வைத்திருக்கும் மாவட்டமும் உண்டு, குறைத்து வைத்திருப்பதும் உண்டு. பக்கத்து ஊர் நண்பர் சொன்னதை நம்பிவிடாமல் உங்கள் பள்ளி கவுன்சிலரிடம் கேளுங்கள்.

எல்லாக் கல்லூரியும் இந்தக் கிரெடிட்டை ஏற்குமா?

ஏற்காது. டெக்சஸ் அரசுக் கல்லூரிகளுக்குப் பொதுவாக 42 கிரெடிட் கொண்ட அடிப்படைப் பாடத்திட்டம் இருக்கிறது. அதற்குள் வரும் பாடங்கள் ஒரு அரசுக் கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குச் சிக்கலில்லாமல் போகும். இங்கே அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்க அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட், அரசாங்கப் பாடத்தில் 6 கிரெடிட் வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பொறியியல் மாணவரும் தப்ப முடியாது. ஆகவே இந்த 12 கிரெடிட்டையும் பள்ளியிலேயே முடிப்பது வீண் போகாது. அதே டெக்சஸ் அரசாங்கப் பாடத்தை எடுத்துக்கொண்டு கலிபோர்னியா போனால், பெரிய பயன் இருக்காது.

பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பல, பள்ளிப் படிப்பை முடிப்பதற்காகக் கணக்கில் எடுத்த பாடத்துக்கு மறுபடி கிரெடிட் தருவதில்லை. அரசுப் பல்கலைக்கழகத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கிரெடிட்டை ஏற்பது வேறு, பிள்ளை எடுக்கும் பட்டப் படிப்பில் அது ஒரு இடத்தை நிரப்புவது வேறு. மனோதத்துவத்தில் மூன்று கிரெடிட் வைத்திருந்தும் கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டியலில் அதற்கு இடம் இல்லாமல் போகலாம்.

இன்னொரு பயமும் உண்டு: இத்தனை கிரெடிட் சேர்ந்தால் 'டிரான்ஸ்பர்' மாணவராகி, முதலாண்டு உதவித்தொகை போய்விடுமா? போகாது. பள்ளிக் காலத்தில் சேர்த்த கிரெடிட் எத்தனை இருந்தாலும் அவர் முதலாண்டு விண்ணப்பதாரர்தான்.

கிரேடு குறைந்தால் என்ன ஆகும்?

இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன், நல்ல படிப்பாளி, வரலாற்றுக் கட்டுரையை ஞாயிறு இரவு 11.59-க்குள் ஏற்ற வேண்டியவன், திங்கள் காலை ஏற்றினான். பள்ளியில் பத்து மார்க் பிடித்துக்கொண்டு விட்டிருப்பார்கள். இங்கே பூஜ்யம். பாடத்திட்டத் தாளின் முதல் பக்கத்திலேயே 'தாமதமானால் ஏற்கப்படாது' என்று இருந்தது, அவன் படிக்கவில்லை. செமஸ்டர் முடிவில் கையில் கிடைத்தது சி.

அந்த சி, பள்ளிப் படிப்போடு முடிந்துவிடாது. அது கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட், ஆயுளுக்கும் நிற்கும். பிறகு சேரும் பல்கலைக்கழகம் பெரும்பாலும் கிரெடிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஜிபிஏ-யைப் புதிதாகத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, பள்ளி நாட்களில் படித்த கல்லூரிப் பாடங்களையும் காட்டியே ஆக வேண்டும். ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் அந்தக் கிரேடுகளையும் ஜிபிஏ கணக்கில் சேர்க்கும். பதினாறு வயதில் வாங்கிய சி, இருபத்திரண்டு வயதில் எதிரே வந்து நிற்கும். பிள்ளையை டாக்டராக்க நினைக்கும் நம் வீடுகளில் இது பலருக்குத் தெரிவதில்லை.

சிரமமாகத் தெரிந்தால் விலக வழி உண்டு. வழக்கமான நீண்ட செமஸ்டரில் பன்னிரண்டாவது வகுப்பு நாளுக்குள் விலகினால் தடம் இருக்காது. அதற்குப் பின், கடைசித் தேதிக்குள் விலகினால் 'டபிள்யூ' என்று பதியும். விலகும் முன், அந்தப் பாடத்துக்குப் பதிலாகப் பள்ளி எதைத் தரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக் கணக்கில் அந்த இடம் காலியாகிவிடும்.

ஆசிரியரிடம் நாங்கள் பேசலாமா?

பள்ளியில் பேசுவது போலப் பேச முடியாது. 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவு தனியுரிமைச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவுக்கு உரிமையாளர் மாணவரே, அவருக்குப் பதினைந்து வயதானாலும். பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவது, சந்தேகம் கேட்பது எல்லாம் பிள்ளையின் வேலை. பள்ளியில் 504 திட்டம் போன்ற சலுகை பெறும் பிள்ளை, கல்லூரியின் மாற்றுத்திறனாளி சேவைப் பிரிவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது தானாக வந்து சேராது.

செலவு எவ்வளவு?

இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் பள்ளி மாவட்டம் ஏற்கும். சில இடங்களில் சலுகைக் கட்டணம். புத்தகச் செலவு தனி. 2023-இல் வந்த சட்டத்தின்படி, இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, 'ஃபாஸ்ட்' திட்டத்தில் இணைந்த கல்லூரிகளில் கட்டணம் கிடையாது. எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது என்பதால், இங்கே முடிக்கும் ஒவ்வொரு பாடமும் அந்தக் குடும்பங்களுக்கு நேரடி மிச்சம்.

யார் வேண்டுமானாலும் சேரலாமா? எத்தனை பாடம் எடுக்கலாம்?

டி.எஸ்.ஐ. என்னும் தகுதித் தேர்வில் தேற வேண்டும், எஸ்.ஏ.டி. மதிப்பெண் போதுமான அளவு இருந்தால் விலக்கு. எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பை 2015-இல் மாநிலச் சட்டம் நீக்கிவிட்டது. வரம்பு இல்லை என்பதற்காக அள்ளிப் போட வேண்டாம். முதல் செமஸ்டருக்கு ஒன்று போதும். பிள்ளை பின்னால் முதன்மையாகப் படிக்கப்போகும் பாடத்தை, உதாரணமாகப் பொறியியலுக்குக் கால்குலஸை, அவசரமாக இங்கே முடித்துவிட்டு அடுத்த கட்டத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்ப் பள்ளியில் படித்தால் கிடைக்கும் கிரெடிட்டும் இதுதானா?

இல்லை. சில மாவட்டங்கள் தமிழுக்குத் தருவது பள்ளியின் வெளிநாட்டு மொழி கிரெடிட் மட்டுமே. கல்லூரிக் கணக்கில் அது சேராது.

படிவத்தில் கையெழுத்து இடுவதற்கு முன், பிள்ளை சேர விரும்பும் இரண்டு, மூன்று பல்கலைக்கழகங்களின் இணையதளத்தைத் திறந்து, இந்தப் பாட எண் அங்கே எந்தப் பாடமாக ஏற்கப்படுகிறது என்று பிள்ளையையே தேடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. தேடி எடுத்து உங்களுக்கு விளக்கிச் சொன்னால், தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.