ஒல்லியான பெண்ணுக்கும் ஏன் பி.சி.ஓ.எஸ்.?

"உடம்பைக் குறை, எல்லாம் சரியாகிவிடும்." பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கல் உள்ள பெண்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அறிவுரை இது. ஒல்லியானவர்களுக்கும் இந்தச் சிக்கல் வருகிறதே, எப்படி?

அமெரிக்காவில் ஃபிராங்க் கொன்சாலஸ் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களுக்குக் குளுக்கோஸ் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களின் வெள்ளணுக்கள், அவர்கள் மெலிந்திருந்தாலும், வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கூடுதலாக உமிழ்ந்தன. இதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

இந்த மூலக்கூறுகள் செல்லுக்குள் அழற்சியைத் தூண்டிவிடுகின்றன. அப்போது சுரக்கும் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற புரதம் இன்சுலினின் கட்டளை தசைக்குள் போகாமல் தடுக்கிறது. கணையம் விடுமா? இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. தசை கேளாத அந்தக் கட்டளையைச் சினைப்பை மட்டும் கேட்கிறது, டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டுகிறது. முகப்பருவும் தாடையில் வளரும் முடியும் அதன் விளைவுகள். கருமுட்டைப் பைகளும் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் தெரியும் 'நீர்க்கட்டிகள்' உண்மையில் இவைதான். கட்டி என்று பயப்படவே வேண்டாம்.

எடை கூடினால் கொழுப்புத் திசுவும் அழற்சியை வளர்க்கும், உண்மைதான். ஆனால் தினசரி உடற்பயிற்சி, எடை குறையாவிட்டாலும், தசையை இன்சுலினுக்குச் செவிசாய்க்க வைக்கிறது.