உரோமாபுரியும் பாக்தாதும்

நாகரிகம் ஓரிடத்தில் தோன்றி, தோன்றிய இடத்திலேயே மறைந்துவிடுவதன்று. ஒரு விளக்கின் சுடரினின்று மற்றொரு விளக்கை ஏற்றுவதுபோல, ஓர் இனத்தார் தேடிவைத்த செல்வத்தைப் பின்வரும் இனத்தார் பெற்று வளர்க்கின்றனர். இவ்வுண்மையைப் பண்டை உரோமர், முற்கால இசுலாமியர் ஆகிய இருவர் வரலாறும் நன்கு விளக்கும்.

தைபர் ஆற்றங்கரையில், ஏழு குன்றுகளின்மீது எழுந்த நகரம் உரோமாபுரி. சிற்றூராக இருந்த அது, காலப்போக்கில் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள் அனைத்தையும் தன் ஆட்சியின்கீழ்க் கொணர்ந்தது. உரோமர் கட்டுவதில் வல்லவர். கி.மு. 312-ஆம் ஆண்டில் அப்பியசு கிளாடியசு என்பார் தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஒன்றை அமைக்கத் தொடங்கினார். நகருக்குக் குடிநீர் கொணரும் முதற் கால்வாயும் அவ்வாண்டிலேயே தொடங்கப்பட்டது. கி.பி. 97-இல் நீர் வழங்கும் துறையின் தலைவரான பிராண்டினசு, தம் காலத்திருந்த ஒன்பது கால்வாய்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த பாந்தியன் கோயிலின் கவிகை மாடம் ஏறத்தாழ 43 மீட்டர் அகலமுடையது. இரும்புக் கம்பியின் துணையின்றிக் கட்டிய அம்மாடம் இன்றும் நிலைத்து நிற்கிறது.

கட்டடத்தினும் சிறந்தது உரோமர் வகுத்த சட்டம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் அவர்கள் தம் சட்டங்களைப் பன்னிரண்டு பலகைகளில் பொறித்துப் பொதுவிடத்தில் வைத்தனர். கி.பி. 212-இல் பேரரசில் வாழ்ந்த உரிமை மக்கள் ஏறத்தாழ அனைவர்க்கும் குடியுரிமை வழங்கப்பட்டது.

கி.பி. 476-இல் மேலை உரோமப் பேரரசு வீழ்ந்தது. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு செல்லுமுன் அரபு நாட்டில் இசுலாம் தோன்றிற்று. நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குச் சென்ற கி.பி. 622-ஆம் ஆண்டே இசுலாமிய ஆண்டுக் கணக்கின் தொடக்கம். அடுத்த நூறாண்டுகளில் இசுலாமியர் ஆட்சி சிந்து முதல் இசுபெயின்வரை பரவியது.

அவர்கள் முன்னோர் தேட்டத்தை எறிந்துவிடவில்லை. தமாசுக்கசு நகரில் உரோமர் கோயிலாகவும், பின்னர்க் கிறித்தவர் ஆலயமாகவும் விளங்கிய இடத்தில் பெரிய பள்ளிவாசல் எழுந்தது. அவர்கள் வெளியிட்ட பொற்காசின் பெயராகிய தினார் என்பதும் உரோமரின் டெனாரியசு என்னும் சொல்லின் திரிபே.

கி.பி. 762-இல் கலீபா மன்சூர் தைகிரிசு ஆற்றங்கரையில் பாக்தாது நகரை நிறுவினார். வட்ட வடிவமான அந்நகருக்கு நான்கு வாயில்கள் இருந்தன. சீனரிடமிருந்து பரவிய காகிதத் தொழில் அங்கே தழைத்தது, நூல்கள் பெருகின. கலீபா மாமூன் காலத்தில் கிரேக்க நூல்கள் பலவும் அரபு மொழியில் பெயர்க்கப்பட்டன. உரோமப் பேரரசர்க்கு மருத்துவராயிருந்த கேலனின் நூல்களை உனைன் இபின் இசாக்கு என்னும் கிறித்தவ அறிஞர் மொழிபெயர்த்தார். அல் குவாரிசுமி என்பார் இந்திய எண்முறையை விளக்கி நூல் எழுதினார். எண்பத்தெட்டு என்பதைக் குறிக்க உரோமருக்கு எட்டு எழுத்துகள் வேண்டும்; இந்திய முறைக்கோ இரண்டே இலக்கங்கள் போதும். கற்பாலங்களைக் கட்டிய உரோமர் பெறாத கருவி இது.

எனினும் இரு நாகரிகங்களிலும் குறை இருந்தது. இரண்டிலும் அடிமைகள் உழைத்தனர். கி.மு. 73-இல் இத்தாலியில் இசுபார்ட்டக்கசின் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர், கி.பி. 869-இல் பாசுராவை அடுத்த சதுப்பு நிலங்களிலும் அவ்வாறே எழுந்தனர். இரு கிளர்ச்சிகளும் வாளால் அடக்கப்பட்டன. மாடங்களையும் நூல்களையும் வியக்கும் நாம், பெயரறியப்படாத அவ்வுழைப்பாளரை மறத்தல் தகாது.

கி.பி. 1258-இல் மங்கோலியர் பாக்தாதை அழித்தனர். மன்சூர் கட்டிய வட்ட நகரின் சுவர் எதுவும் இன்று இல்லை. உரோமர் கல்லில் கட்டியவை பல எஞ்சி நிற்கின்றன; பாக்தாதின் செல்வமோ ஏட்டில் எஞ்சியது. நகர் அழியுமுன்பே, பன்னிரண்டாம் நூற்றாண்டில், அல் குவாரிசுமியின் நூல்கள் இசுபெயின் நாட்டில் மொழிபெயர்க்கப்பட்டன. அவை பெயர்க்கப்பட்ட மொழி, உரோமரின் மொழியாகிய இலத்தீனே. உரோமரிடம் பெற்ற கடனை அரபு அறிஞர் வட்டியுடன் திருப்பித் தந்தனர் எனலாம். அரசுகள் வீழும், அறிவோ கைம்மாறிக் கைம்மாறி வாழும்.