கியர்பாக்ஸுக்குக் காய்ச்சல், கம்ப்யூட்டரே தெர்மாமீட்டர்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "லெட்டர் அடிக்கலாம், பாட்டு கேட்கலாம், இன்டர்நெட் பார்க்கலாம். வேறு என்னதான் செய்யலாம்?" ஒரு வண்டியின் கியர்பாக்ஸைக் காப்பாற்றலாம் என்றால் நம்புவீர்களா? நானும் என் அக்கா மகனும் அதைத்தான் செய்தோம்.

அவன் இருப்பது அமெரிக்காவில், டென்வர் நகரில். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய பிக்கப் வண்டி ஒன்று வைத்திருக்கிறான். விடுமுறை வந்தால் அதன் பின்னால் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவான். டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை, 1973ல் திறக்கப்பட்ட ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வரை ஏறிக்கொண்டே போகும். சுரங்கம் இருப்பது சுமார் 3,400 மீட்டர் உயரத்தில். அந்த ஏற்றத்தில் வண்டியின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டியபோது, "கியர்பாக்ஸையே பிரித்துக் கட்ட வேண்டும், 4,000 டாலர் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். "மாமா, பணத்தைக் கட்டிடவா?" என்று மெயில் அனுப்பினான். "பொறு, முதலில் வண்டியையே கேட்டுப் பார்ப்போம்" என்று பதில் போட்டேன்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் பெடல் கிடையாது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்ற பாகம் உண்டு. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால் மற்றதும் மெல்லச் சுற்றும் அல்லவா? அதே தத்துவம்தான். காற்றுக்குப் பதில் இங்கே எண்ணெய். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால், அந்த வித்தியாசம் எண்ணெயில் சூடாக இறங்கும். சமவெளியில் வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், சூடு குறையும். பாரத்தோடு மெதுவாக மலையேறும்போது அந்தப் பிடிப்பு விட்டுவிடும், சூடு ஏறும். வண்டியின் முன்பக்கம் உள்ள கூலர் அதைத் தணிக்க வேண்டும். பல வண்டிகளில் இந்த எண்ணெய் 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருந்தால் நலம். 120ஐத் தாண்டினால் எண்ணெய் கெட ஆரம்பிக்கும், சீல்கள் இறுகிப்போகும்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லா கார்களிலும் சிறிய ட்ரக்குகளிலும் ஓபிடி-2 என்ற 16 பின் சாக்கெட் கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் தெரியும். அதில் இஎல்எம்327 வகை ப்ளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகினால், லேப்டாப்பில் அது ஒரு காம் போர்ட்டாகத் தெரியும். புட்டி போன்ற டெர்மினல் சாஃப்ட்வேரைத் திறந்து 0105 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். "எஞ்சின் தண்ணீர் எவ்வளவு சூடு?" என்று கேட்டதாக அர்த்தம். 41 05 78 என்று பதில் வந்தால் கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இது ஹெக்ஸாடெசிமல். 7ஐ 16ஆல் பெருக்கி 8ஐக் கூட்டினால் 120. அதில் 40ஐக் கழித்தால் 80 டிகிரி. அவ்வளவுதான்!

கியர்பாக்ஸ் எண்ணெயின் சூட்டைக் கேட்பது இத்தனை சுலபம் இல்லை. அதற்கான கட்டளை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்தந்த வண்டியின் பெயரைத் தேர்வு செய்யும் வசதியுள்ள ஸ்கேன் சாஃப்ட்வேரை வாங்குவதே நல்லது. அடாப்டரிலும் மிக மலிவான நகல்களைத் தவிர்க்கலாம். பதில் பாதியில் நின்றுவிடுகிறது.

முதலில் சேமிப்பில் இருந்த பிழைக் குறியீட்டைப் படித்தோம். பி0218, அதாவது கியர்பாக்ஸ் எண்ணெய் அதிகச் சூடு. பி0711 என்று வந்திருந்தால் சென்சாரையே சந்தேகித்திருக்க வேண்டும். வயர் அறுந்த சென்சார் பொதுவாக மைனஸ் 40 என்று காட்டும். கொளுத்தும் வெயிலில் மைனஸ் 40 என்றால் சிரித்துவிட்டு வயரைப் பாருங்கள். குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளாமல் 'க்ளியர்' பட்டனை மட்டும் அழுத்திவிடாதீர்கள்.

பிறகு ட்ரெய்லர் இல்லாமல் ஒரு முறை, ட்ரெய்லரோடு ஒரு முறை ஓட்டி, வேகம், ஆர்பிஎம், தண்ணீர் சூடு, எண்ணெய் சூடு நான்கையும் பதிவு செய்யச் சொன்னேன். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. பதிவு தானாக ஓடட்டும். கமா போட்டுப் பிரித்த ஃபைலாக அனுப்பினான். எக்செலில் திறந்து, நான்கு காலங்களையும் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் மெனுவில் லைன் சார்ட்டைக் கிளிக் செய்தேன்.

மலையில் மட்டும் எண்ணெய் சூடாகி, சமவெளியில் இறங்கியிருந்தால் பாரம்தான் காரணம். சமவெளியில் தண்ணீர் சரியாக இருந்து எண்ணெய் மட்டும் ஏறியிருந்தால் லாக்-அப் பிடிக்கவில்லையோ என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில், பின்னால் வண்டி வராத நேரம், ஆக்சிலேட்டரை விடாமல் பிரேக்கை லேசாகத் தொட்டால் லாக்-அப் விலகி ஆர்பிஎம் சற்று உயர வேண்டும். இவன் வண்டியில் உயர்ந்தது. ஆக, உள்ளே பிடிப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ட்ரெய்லர் இல்லாமலே, சமவெளியிலேயே, எண்ணெய் 105ல் நின்றது. தண்ணீரின் கோடும் அதோடு சேர்ந்தே மேலே போனது. இரண்டுக்கும் பொதுவானது எது? முன்னால் வரும் காற்று!

"கிரில்லுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்" என்றேன். போட்டோ அனுப்பினான். டென்வரில் கோடையின் தொடக்கத்தில் காட்டன்வுட் மரத்தின் பஞ்சு தெருவெல்லாம் பறக்கும். நம் இலவம் பஞ்சு போலத்தான். அது கூலரின் தகடுகளுக்கு இடையே மெத்தை தைத்ததுபோல் அடைத்திருந்தது. வண்டி ஆறிய பிறகு, உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ளுமாறு மெல்லிய தண்ணீர்ப் பீய்ச்சலில் கழுவினான். அடுத்த பதிவில் எண்ணெய் 86. கருகிய வாடை வந்த எண்ணெயை மாற்ற மட்டும் செலவானது.

இப்போது ஏற்றத்தில் டோ/ஹால் பட்டனை அழுத்தி, சிறிய கியரிலேயே போகிறான். 110ஐத் தொட்டால் ஓரம் கட்டி, நியூட்ரலில் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிடுகிறான். ஓடினால்தான் எண்ணெய் கூலருக்குப் போகும். வீட்டுக்கு வந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுகிறான். செருகியே விட்டால் பேட்டரி இறங்கும்.