உங்களுக்குத் தெரியுமா? ஆடிட்டர் எதை எழுதுகிறார்?

பட்டியலிடப்பட்ட இந்திய நிறுவனங்களின் தணிக்கை அறிக்கைகள் ஒரு காலத்தில் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. 2018 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்னரோ தொடங்கிய நிதியாண்டுகளுக்கு வந்த எஸ்.ஏ. 701 தரநிலை அதை மாற்றியது. தணிக்கையில் எவை மிக முக்கியமாக இருந்தன, அவற்றை எப்படிச் சரிபார்த்தார் என்று ஆடிட்டர் விளக்கியாக வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? தவறு நேரும் அபாயம் எங்கே அதிகம், நிர்வாகத்தின் கணிப்பை எங்கே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது, அந்த ஆண்டில் பெரிய கையகப்படுத்தல் போன்ற நிகழ்வு ஏதும் நடந்ததா என்று பார்ப்பார். அதனால் தொழிலுக்குத் தொழில் பட்டியல் மாறும். வங்கியென்றால் வாராக்கடன் ஒதுக்கீடு. கட்டுமான நிறுவனமென்றால் பாதி முடிந்த ஒப்பந்தத்தில் எவ்வளவு வருமானம் காட்டலாம் என்பது.

பிரிட்டனில் இப்படி விளக்கும் விதி 2013-லேயே வந்துவிட்டது. அந்த ஆண்டின் ரோல்ஸ்-ராய்ஸ் கணக்குகளைத் தணிக்கை செய்த கேபிஎம்ஜி, விதி கேட்டதையும் தாண்டி, நிர்வாகத்தின் கணிப்புகள் நடுநிலையானவையா, சற்றே நம்பிக்கை மிகுந்தவையா என்றுகூட எழுதியது. முதலீட்டாளருக்கு உண்மையில் தேவை இந்தத் துணிச்சல்தான். ஆண்டுதோறும் அதே பத்தியைத் திரும்ப ஒட்டும் அறிக்கையால் அவருக்குப் பயனில்லை.

மிக அரிதாக, வெளியிட்டால் பொதுநலனைவிடப் பாதிப்பே அதிகம் என்று கருதினால், ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடவும் எஸ்.ஏ. 701 அனுமதிக்கிறது.