கழுத்துக்கு வந்த கத்தி!

முகத்தில் ஏழு இடத்தில் பேப்பர் துணுக்கை ஒட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போன அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. மானேஜர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னய்யா, வீட்டுல பூனை வளர்க்கறீங்களா?" என்றார்.

"பூனை இல்ல சார்... சவரக்கத்தி!"

விஷயம் இதுதான். ரேசரில் ஒரு பிளேடு இருந்தது, இரண்டாச்சு, மூன்றாச்சு, இப்போது ஐந்தையும் தாண்டியாச்சு. (இப்படியே போனால் மூஞ்சியைவிட ரேசர் பெரிசாகிவிடும்!) அதற்கு மாற்று பிளேடு வாங்குகிற காசில் மாசக் கடைசியை ஓட்டிவிடலாம். 'அந்தக் காலத்து மடக்குக் கத்தி ஒண்ணு போதும்டா, ஆயுசுக்கும் வரும்' என்று ஆபீஸ் நண்பன் ஏற்றிவிட்டான். நானும் ஏறிவிட்டேன்.

வேலை விருத்தாசலத்தில் என்றாலும் சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம். எங்கள் தெருவில் மூன்று தலைமுறைக்கு முடி வெட்டிய பெரியவர் ஒருத்தர் இருக்கிறார். வயசு எழுபத்தெட்டு. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கடையை மூடியாச்சு. அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"கத்தி பிடிக்கக் கத்துக்கணும் அய்யா."

"யாரை வெட்டறதுக்கு தம்பி?"

"என்னைத்தான்!"

சிரித்துக்கொண்டே அடைப்பத்தை (தொழில் சாமான் வைக்கிற பைக்கு அதுதான் பேர்) அவிழ்த்தார். உள்ளே இரண்டு மடக்குக் கத்தி, தீட்டுக்கல், தோல்வார், ஒரு படிகாரக் கட்டி. ஒரு கத்தியை எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார். "கொதிக்கிற தண்ணியில போட்டு, ஸ்பிரிட்டுல ஊற வெச்சு எடு. இனிமே இது உனக்கு மட்டும்தான். வேற யார் மூஞ்சியிலயும் படக்கூடாது."

அதற்குக் காரணம் இருக்கிறது. 1986-ல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. பாதிப்பு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கப்புறம் பிறந்த விழிப்புணர்வில், பல முகம் பார்த்த மடக்குக் கத்தி சலூன்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடைபெற்றது. ஆளுக்கொரு பாதி பிளேடை ஒடித்துச் செருகும் கத்தி வந்தது. வீடுகளில் அதற்கு ரொம்ப முன்னாலேயே ஜில்லெட் புகுந்துவிட்டார். 1903-ல் அவர் விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. அப்புறம் நடந்ததுதான் உலகத்துக்கே தெரியுமே!

முதல் பாடம், பலூன். ஊதிய பலூனில் சோப்பு நுரை தடவி, உடையாமல் வழிக்க வேண்டும். நாலு பலூன் 'டமால்'! ஐந்தாவது பிழைத்தது.

இரண்டாவது பாடம், வார். கல்லில் தீட்டினால் கூர் வரும். வாரில் இழுத்தால்தான் அந்தக் கூர் நேராகும். கத்தியின் முதுகு முன்னால் போக, வாய் பின்னால் வரவேண்டும். திரும்பும்போது முதுகில்தான் புரட்ட வேண்டும். மாற்றிப் புரட்டினேன். வாரில் ஒரு வெட்டு! பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெட்டை மட்டும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது பாடம், மூஞ்சி. வெந்நீர்த் துணியை இரண்டு மூன்று நிமிஷம் போட்டு முடியை இளக்கணும். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடிக்கணும். கத்தியைச் சுமார் முப்பது டிகிரி சாய்த்து, முடி வளர்ந்த திசையிலேயே இறக்கணும். பக்கவாட்டில் நகர்ந்தால் அது சவரம் இல்லை, வெங்காயம் நறுக்குவது!

"அழுத்தாத தம்பி. நம்ம ஊர் பூவராகசாமி பூமியையே கோரைப்பல்லுல தூக்கினாரு. ஒரு கீறல் விழுந்துச்சா? அந்தப் பதம் வேணும்."

என் தாடையில் மூன்று கீறல். அந்த வாரம்தான் மானேஜர் பூனையை விசாரித்தார்.

காயம் ஆறுகிற நேரத்தில் காந்தியின் 'சத்திய சோதனை'யைப் புரட்டினேன். பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார நாவிதர் அவருக்கு முடிவெட்ட மறுத்துவிட்டார். காந்தி மெஷின் வாங்கி, கண்ணாடி முன்னால் தானே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் கோரம். கோர்ட்டில் நண்பர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் அந்த நாவிதர் மேல் குற்றம் சொல்லவில்லை. நம் ஊரிலும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு முடிவெட்ட நாம் விடுவதில்லையே என்றுதான் அவருக்குத் தோன்றியது.

எனக்கு வேறொன்று தோன்றியது. என் தாத்தா இந்தப் பெரியவரை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார். கொல்லைப்புறமாகத்தான் வரச் சொல்வார். கூலி, அறுவடை சமயத்தில் களத்தில் அளக்கிற நெல், அளந்தால் உண்டு. ஆனால் அதே தாத்தா, கண்ணை மூடிக்கொண்டு இவர் கத்திக்குத் தொண்டையை நீட்டியிருக்கிறார். எத்தனை வருஷம்! அழுத்தாத கை அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வழக்கம்போலக் கொல்லைப்பக்கம் போகப் பார்த்தார். கையைப் பிடித்து வாசல் வழியாக அழைத்து வந்து, அப்பாவின் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"என்ன தம்பி இது?"

"இன்னிக்கு உங்களுக்கு நான் சவரம் பண்றேன். உங்க கத்தியாலேயே."

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எங்க ஆளுங்க கையத் தவிர வேற கை இந்த மூஞ்சியில பட்டதில்ல தம்பி" என்றார். மெதுவாகக் கழுத்தை நிமிர்த்தினார்.

அம்மா நிலைப்படியில் வந்து நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். 'போச்சுடா' என்று நினைத்தேன். விருத்தாசலம் பீங்கான் கிண்ணத்தில் வெந்நீர் வந்தது!

என் கை நடுங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அரை மணி நேரத்தில் முடித்தேன். ஒரே ஒரு கீறல். படிகாரத்தை வைத்து அழுத்தினேன்.

கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே எழுந்தார். மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார்.

"கூலி எவ்வளவு தம்பி?"

"எங்க தாத்தா பாக்கி இருக்குமே அய்யா... அதுல கழிச்சுக்குங்க."

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அது நெறைய கெடக்கு! வாரா வாரம் வர்றேன்... கத்தியைத் தீட்டி வை!"